இடது துடுப்பு யோகனுடையது

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள். செத்தவன் செத்தவன்தான், திரும்பி வந்து கதவைத் தட்ட அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பேன். ஊரிலும் அப்படித்தான் இருந்தேன், ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் மனுசனுக்கு வயது போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் நானும் யோகனும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலை வேலை. மூன்று மணிக்கு வெளியே வந்தால் பஸ் தரிப்புக்கு எதிரே ஒரு சின்ன பார், ஒரு கிரேக்கக்காரர் நடத்தினார், அதன் மூலையில் சர்க்கஸ் படம் போட்ட ஒரு பின்பால் மெசின். மற்றப் பொடியன்கள் கிரிக்கெட், காட்ஸ் கட்டு என்று போவார்கள், எங்களுக்கு இந்தப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையில் சப்வே எடுத்து யங் வீதிக்குப் போய் அங்கேயிருந்த விளையாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்குவோம். எந்த பாரில் எந்த மெசின், எதில் எந்த லைற் எரியாது என்று யோகனுக்கு மனப்பாடம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு சரிவான பலகை, மேலிருந்து ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும், கீழே இரண்டு சின்னக் கட்டைகள், நாங்கள் அதைத் துடுப்பு என்போம். மெசினின் இடது பக்கத்தில் ஒரு பொத்தான், வலது பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் அந்தப் பக்கத்துத் துடுப்பு எழும்பிக் குண்டை அடிக்கும். இரண்டுக்கும் நடுவால் குண்டு விழுந்தால் போச்சு. அவ்வளவுதான் விளையாட்டு.

ஒருமுறை பெட்டி அமுக்குகிற இயந்திரத்தில் யோகனின் வலது கை விரல்கள் இரண்டு நசுங்கிவிட்டன. கையில் கட்டோடு வந்து நின்று, "நீ வலதைப் பிடி, நான் இடதைப் பாக்கிறன்" என்றான். அப்படித்தான் தொடங்கியது. ஒரு மெசினில் இரண்டு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அவனுக்கு இடது பொத்தான், எனக்கு வலது. விரல் ஆறிய பிறகும் நாங்கள் மாற்றவில்லை, ஏனென்றால் தனித்தனியாக விளையாடியதைவிடச் சேர்ந்து விளையாடியபோது நன்றாக வந்தது. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இடது துடுப்பை உயர்த்தி, குண்டை அதன் மடியில் மறித்து வைத்துக்கொண்டு கதை கேட்பான். "நேற்று ஆரோட போனில கதைச்சனி? சொல்லு, பிறகு விடுறன்." சொல்லும்வரை விட மாட்டான். எனக்குப் பத்திக்கொண்டு வரும், ஆனாலும் சொல்லிவிடுவேன்.

யோகனின் அகதி வழக்குத் தள்ளுபடியாகியிருந்தது. நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்தும் போகாமல் ஒளித்திருந்தான். முதலில் அஜக்ஸில் அவனுடைய மலர் அக்கா வீட்டில்தான் இருந்தான். அக்காவின் புருஷன் செல்வராசா அண்ணை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இமிக்கிரேசன்காரன் வந்து கதவைத் தட்டக்கூடாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் யோகன் கோபித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டான், அக்காவும் புருஷனுடன் அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அந்த மாரிக் குளிருக்குள் யாழ்ப்பாணத்தில் யோகனின் அம்மா செத்துப்போனா. கொழும்பிலிருந்து யாரோ போனில் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் எரித்து ஒரு கிழமைக்குப் பிறகு. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் இங்கே பேஸ்மென்றில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். "ஒண்டும் செய்யாதை. என்ரை பேர் வெளியில வரக்கூடாது" என்று அவனே சொன்னான். என் காதால் கேட்டேன்.

கேட்டும் போனேன். எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு தாய் செத்து, பேப்பரில் மரண அறிவித்தல் வராமல், துக்கம் விசாரிக்க ஒரு சனம் வராமல் போனால் அது என்ன சாவு? தமிழ்க் கடைகளில் சும்மா அடுக்கி வைத்திருப்பார்களே, அப்படி ஒரு வாரப் பத்திரிகை, அதன் அலுவலகத்துக்குப் போய் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பாசமிகு தாயார், மகள் மலர் கனடா, மகன் யோகநாதன் கனடா, மருமகன் செல்வராசா, பேரப்பிள்ளைகள், ஒருவர் பேரும் விடவில்லை. தகவல்: குடும்பத்தினர் என்று போட்டேன். வழக்கமாகப் போன் நம்பர்தான் போடுவார்கள். நான் விலாசத்தையும் போட்டேன், சனம் வழி தெரியாமல் நிற்கக்கூடாது என்று. பேஸ்மென்ற், பக்கக் கதவால் வரவும் என்றுகூட எழுதினேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

சனம் வந்தது. சோறு கறி கொண்டு வந்தார்கள், அவனைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். ஓர் அங்கிள், "பேப்பரில பாத்தனாங்கள் தம்பி" என்றார். யோகன் தலை நிமிர்ந்து, "ஆர் போட்டது?" என்று கேட்டான். அங்கிள், "வேற ஆர், உம்மடை அத்தானாத்தான் இருக்கும்" என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம்.

பேப்பர் வந்து ஐந்தாம் நாள் காலையில் இமிக்கிரேசன்காரர் இரண்டு பேர் பக்கக் கதவால் வந்தார்கள். ஒருவனுடைய பைலில் அந்த அறிவித்தல் வெட்டி ஒட்டியிருந்தது, கீழே இங்கிலீசில் யாரோ மொழிபெயர்த்து எழுதியிருந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது. யோகன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனான்.

தடுத்து வைத்த இடத்திலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். "அத்தான்தான் வேணுமெண்டு விலாசத்தோட போட்டவர் எண்டு அக்கா சொல்லுறா. நீ என்னடா நினைக்கிறாய்?"

"இருக்கும்" என்றேன்.

நான் அவனுடன் கடைசியாகப் பேசியது அந்த ஒரு சொல்தான். கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் ஒரு லொட்ஜில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்களாம், பிறகு ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலர் அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அஜக்ஸ் வீட்டை விட்டு யூனியன்வில்லுக்குப் போய்விட்டா. என் தம்பியைக் கொன்றவனோடு ஒரு வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னாவாம்.

இனித்தான் நான் சொல்ல வந்த நாள். வேலை முடிந்து வெளியே வருகிறேன், தொழிற்சாலை வாசலில் பனிக்குள் செல்வராசா அண்ணை நிற்கிறார். தொப்பிகூட இல்லை.

"தம்பி, நீர் அவனோட ஒரே அறையில இருந்தனீர். நான் போடேல்லை எண்டு உமக்குத் தெரிஞ்சிருக்கும். மலரிட்ட ஒரு வார்த்தை சொல்லும். பிள்ளையளைப் பாக்கவும் விடுறா இல்லை."

"எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை" என்றேன்.

அவர் வழியை விட்டு விலகி நின்றார். "சரி தம்பி, குளிருது, நீர் போம்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்க மனம் வரவில்லை. யோகன் போன பிறகு முதல் தடவையாக அந்த பாருக்குள் போனேன். நல்ல வெயில், பனியில் பட்டுக் கண் கூசுகிற பகல் வெயில், ஜன்னலால் வந்து மெசின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கிரேக்கக்காரர் கவுண்டருக்குப் பின்னால் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. நான் குடித்திருக்கவில்லை, அதைக் கேட்பீர்கள் என்று தெரியும், ஒரு கோப்பிகூட வாங்கவில்லை. நேரே போய்க் காசைப் போட்டேன்.

இடது கையை ஜக்கற் பொக்கற்றுக்குள்தான் வைத்திருந்தேன். வேண்டுமென்று இல்லை, பழக்கம். இடது பக்கம் என்னுடையது இல்லை. முதல் குண்டு இடதால் வந்து விழுந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுதான் கடைசிக் குண்டு. அது மேலே இரண்டு மூன்று இடத்தில் இடிபட்டு, இடது பக்கமாக இறங்கி வந்தது. போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடது துடுப்பு எழும்பியது.

குண்டு அதன் மடியில் போய் நின்றது. துடுப்பு இறங்கவில்லை. ஏதோ இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், பழைய மெசின், என்னவும் நடக்கும். குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தேன். பொத்தான் உள்ளே போயிருந்தது. யாராவது விரல் வைத்து அமுக்கினால் எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு. இழுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன், பொத்தானுக்கு ஓர் அங்குலம் முன்னால் கை நின்றுவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெயில்தான். ஆனால் கூட்டமான பஸ்ஸில் பக்கத்து ஆளின் உடம்புச் சூடு படுமே, அந்தச் சூடு என் இடது தோளில் பட்டது.

மெசின் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. சொன்னேன், வாய்விட்டுத்தான் சொன்னேன். "என்னட்டை என்னத்தைக் கேக்கிறாய்? தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கிறாய்?"

துடுப்பு அசையவில்லை.

"நான்தான் போட்டனான்" என்றேன். "அத்தான் இல்லை. நான். விலாசமும் நான்தான் போட்டனான். போனில கேட்டபோதும் உனக்குப் பொய் சொன்னனான்."

கிரேக்கக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் ஹொக்கியைப் பார்த்தார். தனியாகக் கதைக்கிற ஆட்களை அவர் நிறையக் கண்டிருப்பார்.

அப்போது துடுப்பு இறங்கியது. விழ விடவில்லை. ஒரு சின்னத் தட்டு, நோகாத தட்டு, குண்டு நடு இடைவெளியைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்தது. வேகமே இல்லை, கண் தெரியாதவன்கூட அடித்திருப்பான். என் வலது கைச் சுட்டுவிரல் பொத்தானில்தான் இருந்தது.

நான் அமுக்கவில்லை. குண்டு என் துடுப்பின்மேல் ஏறி, நுனிக்கு உருண்டு, நடுவால் கீழே போனது. வெளிச்சம் எல்லாம் அணைந்தது. இடது பொத்தான் வெளியே வந்திருந்தது, அமுக்கிப் பார்த்தேன், ஒழுங்காக வேலை செய்தது.

அவன் மன்னித்துத் தந்தானா, இல்லை நீயே பார்த்துக்கொள் என்று தள்ளிவிட்டானா? இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்தபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. ஒரு வெறும் பாரில் ஒரு மெசினுக்கு முன்னால் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நடந்தேன்.

அன்று பின்னேரமே மலர் அக்காவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். நம்பர் மனப்பாடம். ஒன்பது இலக்கம் அமுக்கினேன், பத்தாவதுக்கு அந்தச் சுட்டுவிரல் வரவில்லை. நோவு இல்லை, விறைப்பு இல்லை, கட்டையாகப் பொத்தானின்மேல் இருக்கிறது, அமுக்குது இல்லை. கடைக்குப் போன் எடுத்தேன், அமுக்கியது. வேலைக்கு எடுத்தேன், அமுக்கியது. திரும்ப அக்காவின் நம்பர், பத்தாவதில் நின்றது. அந்த வருடம் முழுக்க முயன்றேன், போன் மாறியது, அக்காவின் நம்பர் மாறியது, நானும் கலியாணம் கட்டி வீடு மாறினேன், இப்போது கைப்போன். போன கிழமையும் முயன்றேன். டொக்டரிடம் காட்டினேன், நரம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார். செல்வராசா அண்ணை இன்னும் அஜக்ஸில் தனியாகத்தான் இருக்கிறார், றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டால் என் வலது கையைப் பிடித்துக் குலுக்கிச் சுகம் கேட்பார், அப்போது அந்த விரல் நன்றாக மடங்கி அவருடைய கையைப் பிடிக்கிறது.

இன்னும் ஒன்பது விரல் இருக்கிறதே, அதில் ஒன்றால் அமுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.