மாடக்கண்ணு மடித்துப் போட்ட பேப்பர்

ஓசியில் கிடைத்தால் நம் ஆட்கள் எதையும் விடமாட்டார்கள் என்று சொல்வார்கள். பொய். தென்காசியில் எங்கள் சாரல் நகருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கணும். நூற்றுநாற்பது வீட்டு வாசலில் நூற்றுநாற்பது பேப்பர் கிடக்கும். ஒருத்தர் குனிந்து எடுக்கமாட்டார். பால்காரர் வண்டி அதன் மேலேதான் ஏறி இறங்கும். கடைசியில் எல்லாம் நான் பெருக்குகிற வாரியலுக்கு வரும்.

குடியிருப்போர் சங்கம் வைத்த ஆள் நான். மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடணும், தெருவைப் பெருக்கணும், சாக்கடை வாறுகால் அடைத்தால் கம்பியால் குத்திவிடணும். பெயர் மகாராஜா. "மகாராஜா, இங்கன ஒரு பேப்பர் கெடக்கு பாரும்" என்று மாடியிலிருந்து கூப்பிடும்போது சிலபேருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். அப்பா வைத்த பெயர், நானா வைத்தேன்.

அந்தப் பேப்பர் பெயர் ஊர்ச்சந்தை. எட்டுப் பக்கமும் விளம்பரம். பிளாட் விற்பனை, நகைக்கடை, மூட்டுவலித் தைலம், குற்றாலத்தில் ரிசார்ட். வெயில் காலத்தில் பெருக்கித் தள்ளிவிடலாம். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால்தான் வம்பு. காய்ந்த கல்லில் தோசை பிடித்த மாதிரி சிமெண்டோடு பிடித்துக்கொள்ளும். வாரியலால் தள்ளினால் கிழியும். உட்கார்ந்து நகத்தால் உரிக்கணும். தப்பியது வாறுகாலில் போய் அடைத்து, இரண்டாம் தெரு அகிலாண்டேஸ்வரி மேடம் வாசலில் சாக்கடை ஏறும். அந்தம்மா என்னைத்தான் கேட்பார், பேப்பரையா கேட்பார்.

போடுகிற ஆள் ஒரு பழைய டிவிஎஸ்ஸில் வருவார். ஒல்லி. என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். உரச்சாக்கைக் கிழித்துத் தலையில் கவிழ்த்திருப்பார். மற்ற பேப்பர்க்காரப் பயல்கள் ஓடுகிற வண்டியிலிருந்தே வீசுவான்கள். இவர் ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து வைப்பார். அதிலும் ஒரு குசும்பு. பேப்பர் பெயர் மேலே தெரிகிற மாதிரிதான் எல்லாரும் மடிப்பார்கள். இவர் உள்ளே இருக்கிற மூன்றாம் பக்கம் வெளியே வருகிற மாதிரி, அத்தனையையும் திருப்பி மடித்துக்கொண்டு வருவார். அப்படி மடித்தது சீக்கிரம் பிரிந்து பப்பரப்பா என்று விரிந்துவிடும். எனக்கு வேலை வைக்கத்தான் செய்கிறார் என்று நினைத்தேன்.

போன ஆடியில் சங்கத்தில் எல்லா கேட்டிலும் போர்டு மாட்டினார்கள், இலவசப் பேப்பர் போடாதீர் என்று. அடுத்த ஞாயிறும் ஆள் வந்துவிட்டார். போர்டுக்கு நேர் கீழே ஒன்றை வைத்தார்.

"வே, எழுதிப் போட்டிருக்குல்லா. கண்ணு தெரியலியா?" என்றேன்.

"தெரியுது."

"பெறவு?"

"பெறவு என்ன. போடுதேன்."

"ஒமக்கு என்ன கோட்டியாவே?"

பைத்தியமா என்று கேட்ட அந்தச் சொல்லுக்கு ஆள் ஒரு நிமிஷம் நின்றார். வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், அங்கேயும் குனிந்து ஒன்றை வைத்தார்.

சங்கத் தலைவர் விஸ்வநாதன் சார் தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பர் முதலாளிக்கு போன் போட்டார். "நான் சொல்லிட்டேன் சார், அந்தாளு கேக்க மாட்டேங்காரு. மழைன்னாலும் லீவு போடாத ஆளு, வெரட்டவும் மனசில்ல" என்றாராம் முதலாளி. சாருக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து ஐந்து நகர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, இந்தப் பக்கமே பேப்பர் வராமல் பண்ணுவது என்று முடிவு. கூட்டம் நாலு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். "மகாராஜா, நாலு வாரப் பேப்பரைச் சேத்து வையும். சாட்சிக்கு வேணும்" என்றார். சாக்கு சாக்காகச் சேர்த்து மோட்டார் ரூமில் வைத்தேன்.

அந்த ஞாயிறு காலை நல்ல சாரல். ஆளை முதல் தெருவிலேயே மறித்தேன்.

"இன்னைக்கோட ஒம்ம ஆட்டம் முடிஞ்சுது. சாயந்தரம் கூட்டம். ஆறு நகருக்கும் இனிமே பேப்பர் கெடையாது. கொடும் பைய."

"அண்ணாச்சி, விடுங்க."

"நான் ஒமக்கு அண்ணாச்சியா? வயசப் பாத்துப் பேசும்."

இழுத்தேன். பை காது அறுந்து பேப்பர் எல்லாம் நனைந்த ரோட்டில் சரிந்தது. அடிக்க வருவார் என்று நான் வாரியலைத் திருப்பிப் பிடித்தேன். ஆள் என்னைப் பார்க்கவே இல்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, குப்புற விழுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மல்லாத்திப் போட்டார். எடுக்கவில்லை, சும்மா திருப்பித் திருப்பிப் போட்டார். சேற்றில் விழுந்த ஒன்றைத் தன் சட்டையில் துடைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் பக்கத்து மூலையில், பிளாட் விளம்பரத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவு படம். நெற்றி நிறையத் திருநீறு பூசின ஒரு பொம்பளை. மேலே காணவில்லை என்று போட்டிருந்தது. கீழே முப்பிடாதி, வயது ஐம்பத்தெட்டு, ஒரு போன் நம்பர்.

"யாரு வே இது?"

"எங்க அக்கா."

மோட்டார் ரூம் படியில் கூட்டிவந்து உட்கார வைத்து, துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

பெயர் மாடக்கண்ணு. வீரகேரளம்புதூர்ப் பக்கம். குத்தகைக்கு நெல்லும் உள்ளி வெங்காயமும் போட்ட ஆள். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் ரெண்டே வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், புத்தி சரியில்லை என்று. ஊரில் கோட்டி முப்பிடாதி என்றால்தான் தெரியும். "யாருக்கும் தொந்தரவு கெடையாது. தனக்குத்தானே பேசுவா. களை பறிக்கச் சொன்னா ரெண்டாள் வேல பாப்பா. அவளப் பாத்துக்கிட ஆளு வேணும்னு நானும் கல்யாணம் பண்ணிக்கிடல."

புத்தி கலங்கினவர்களைச் சீசனில் அருவித் தண்ணீரில் நிறுத்தினால் தெளியும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தி அக்காவைக் குற்றாலம் ஐந்தருவிக்குக் கூட்டிவந்தார். மூன்று நாள் நன்றாக நடந்தது. ஐந்தருவியில் ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கம் இவர் போக முடியாது. வரிசையில் நின்ற முகம் தெரியாத ஒரு பொம்பளையிடம், "ஒரு கண்ணு வச்சுக்கிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்புவார். வாசலிலேயே காத்து நிற்பார்.

"நாலாம் நாள் ஒரே கூட்டம். அவ வர நேரமாகும், நாமளும் ஒரு அஞ்சு நிமிசம் தலையக் காட்டிட்டு வருவோம்னு போனேன். அந்த அஞ்சு நிமிசந்தான். சொகமா இருந்துச்சு தண்ணி. இன்னும் ஒரு நிமிசம்னு நின்னேன்."

திரும்பி வந்து பார்த்தால் அக்காவைக் காணோம்.

போலீசில் எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு, கோயில், சத்திரம் எல்லாம் தேடினார். ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லாமல் தென்காசியிலேயே ஒரு தேங்காய் மண்டியில் தேங்காய் உரிக்கிற வேலையில் சேர்ந்தார். ஞாயிறு இந்தப் பேப்பர். ஒரு வாரம்கூட லீவு போடமாட்டேன், பதிலுக்கு மூலையில் அக்கா படம் வரணும் என்று முதலாளியிடம் பேச்சு.

"சரி வே, வேண்டாம்னு எழுதிப் போட்ட வீட்டுல ஏன் போடுதீரு?"

"எந்த வீட்டு ஆளு அவளப் பாத்திருப்பாவன்னு நமக்குத் தெரியுமா அண்ணாச்சி? வேண்டாம்னவரு பாத்திருந்தா?"

நூறு ஞாயிறுக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை ஞாயிறும் அந்த முகத்தை நான்தான் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் திணித்திருக்கிறேன். கம்பியால் வாறுகாலில் குத்தியிருக்கிறேன். ஏழாம் கிளாஸ் வரைக்கும் படித்தவன்தான், காணவில்லை என்று வாசிக்கத் தெரியாதா. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"கோட்டின்னு சொல்லிட்டேன். மனசுல வைக்காதீரும்" என்றேன். அவர் துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சாயந்தரம் பூங்கா கொட்டகையில் கூட்டம். நாற்பது ஐம்பது பேர். விஸ்வநாதன் சார் சாக்கைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். மக்கின வாடை அடித்தது, எல்லாரும் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள்.

"பாருங்க, ஒரு மாசக் குப்பை" என்றார் சார்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றேன். "இந்தப் பேப்பர்ல மூணாம் பக்கம் யாரு படம் இருக்குன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு குவியலை எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருசமா வருது. ஒரே படந்தான்."

"மகாராஜா, நீரு எந்தப் பக்கம் வே?" என்றார் சார்.

"நான் வாறுகால் பக்கம் சார். பேப்பர் வேண்டாம். கையெழுத்து நானும் போடுதேன். ஆனா அந்தப் படத்த ஒருக்கா பாத்துட்டுப் போடுவோம்."

மாடக்கண்ணு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார், நான் வரச் சொல்லியிருந்தேன். உள்ளே கூப்பிட்டு, எனக்குச் சொன்னதைச் சொல்லச் சொன்னேன். தட்டித் தடுமாறிச் சொன்னார். மூன்றாம் தெரு நிலோபர், ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற பெண், பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"அண்ணாச்சி, அருவிக்குப் பக்கம் செங்கோட்டை ஸ்டேஷன்ல தேடுனீங்களா?"

"இல்லம்மா. நாங்க பஸ்லதான் வந்தோம். அவளுக்கு ரயிலேறத் தெரியாது."

"ஏறத் தெரியாதவங்கதான் ஏறிடுவாங்க. எங்க எறங்கணும்னுதான் தெரியாது. வண்டி மலையத் தாண்டிட்டா அந்தப் பக்கம் மலையாளம். ஒங்க பேப்பரை அங்க யாரு படிப்பா?"

மாடக்கண்ணு மேற்கே மலையைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டு வருஷமாக மனுஷன் தென்காசிக்குள்ளேயே வாசல் வாசலாகக் குனிந்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் அவர் யோசனையே போகவில்லை.

நிலோபருடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் கேரளாவில் புனலூர். அந்தப் பெண் அங்கேயே படத்தை போனில் எடுத்து, மலையாளத்தில் எழுதி, கொல்லம் வரைக்கும் தெரிந்தவர்களுக்கு எல்லாம் அனுப்பியது. மற்றவர்களும் ஆளாளுக்கு போனை எடுத்தார்கள். போலீசில் இருக்கிற பிள்ளைகள், மிலிட்டரியில் இருக்கிற மருமகன்கள், எல்லாருக்கும் போனது. கடைசியில் பேப்பர் வேண்டாம் என்கிற கடுதாசியிலும் கையெழுத்துப் போட்டார்கள், அதில் மாற்றம் இல்லை. விஸ்வநாதன் சார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு மாசம் கழிச்சு அனுப்புவோம். மழை நிக்கட்டும்" என்றார். மழைக்கும் கடுதாசிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வாரியலோடு போனேன். அகிலாண்டேஸ்வரி மேடம் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து, பேப்பரை எடுத்து, அங்கேயே நின்று மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அப்படித்தான். சென்னைக்குப் போயிருந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஒன்று கிடந்தது. அதை நான் எடுத்துத் திண்டு மேல் வைத்தேன்.

பதிமூன்றாம் நாள் நிலோபருக்கு போன் வந்தது. புனலூர்ப் பக்கம் ஒரு கருணை இல்லம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஸ்டேஷனில் ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்த அம்மா, பேர் சொல்லத் தெரியவில்லை, அம்மிணி என்று கூப்பிடுகிறோம், படத்து ஜாடை இருக்கிறது என்றார்கள்.

மாடக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வாங்க அண்ணாச்சி. அவளா இல்லன்னா நான் தனியாத் திரும்பி வர மாட்டேன்" என்றார். செங்கோட்டையில் ரயில் ஏறினோம். குகைக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

இல்லத்தில் வார்டன் அம்மா பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஐந்தாறு பொம்பளைகள் பாய் விரித்து உட்கார்ந்து பலாக்கொட்டை, அந்தப் பக்கம் சக்கக்குரு என்பார்கள், உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி, முடியை ஒட்ட வெட்டியிருந்தது, நெற்றி வெறும் நெற்றி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தது. கொட்டையைத் தட்டில் போட்டது.

"ஏலே மாடா, எங்கனலே போயிட்ட? ஒன்னய அருவி பூராவும் தேடிட்டேன். ரயில்லயும் தேடிட்டேன். காணாமப் போனா ஒரு எடத்துல நிக்கணும்னு தெரியாதாலே ஒனக்கு?"

மாடக்கண்ணு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"தெரியலக்கா. நாந்தான் வழி தப்பிட்டேன்."

"சரி, அழாத. இரி. இந்தச் சக்கக்குரு உரிச்சு முடிச்சிட்டு வாரேன்."

வார்டன் அம்மா ரேஷன் கார்டு நகல் கேட்டார். மாடக்கண்ணு காதில் விழவில்லை. நான்தான் அவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால், ஆள் அக்கா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அந்தக் காய்ப்புக் காய்த்த கையால் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். தோல் சரியாகப் போகவில்லை. அந்தம்மா பிடுங்கி, தானே உரித்துத் தட்டில் போட்டது.