பூண்டு போடுகிறவனின் வயிறு

கொடைக்கானல் மலையில் கிளாவரை என் ஊர்; அங்கே பூண்டு பயிர் போடுகிறேன். சில வருடங்களாக என் வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. தோட்டத்தில் குனிந்தால் அவசரமாகக் கூப்பிடும். ஓடிப்போய் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை என்றுவிடும். கொடைக்கானல் டாக்டர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, இது ஐ.பி.எஸ்., குடல் சும்மாவே முரண்டு பிடிக்கிற கோளாறு என்றார்.

"அது போலீசுல பெரிய அதிகாரியில்லங்க?" என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னபடி செல்போனில் ஒரு செயலியை இறக்கினேன். காலையில் போனது கட்டியா, கூழா, தண்ணியா என்று ஏழு படங்களில் ஒன்றைத் தொட வேண்டும். தொட மறந்தால், "உங்கள் குடல் உங்களைத் தேடுகிறது" என்று செய்தி வரும். அது தேடாத நேரம்தான் எனக்கு நிம்மதி.

வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து அந்தச் செயலியின் ஆலோசகர் வீடியோவில் பேசுவார். சின்னப் பெண். எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பஸ் நிற்கும் இடத்தில் மட்டும்.

"குட் மார்னிங் சார். மோஷன் எப்படி இருந்துச்சு?"

கேரட் மூட்டைகளோடு நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"பரவால்லம்மா."

"நம்பர் சொல்லுங்க சார்."

"ஆறு."

"கஞ்சியக் குடிங்கப்பா" என்றார் மூட்டைமேல் இருந்த ஒரு பெரியவர்.

ஆறு வாரத்துக்குப் பூண்டும் வெங்காயமும் கூடாது என்றார் அந்தப் பெண்.

"நான் பூண்டு விவசாயிம்மா."

"சூப்பர் சார். ஆனா அவாய்ட் பண்ணிடுங்க. உங்களுக்கு ஸ்ட்ரெஸ் எதனால வருது?"

"காட்டுமாட்டால."

"அப்போ நாலு எண்ணி மூச்ச உள்ள இழுங்க."

"அது வரும்போது எண்ண நேரம் இருக்காதும்மா."

வீட்டில் சொன்னேன். "பூண்டுக்குள்ளயே கெடக்கோம், அதத் திங்கக்கூடாதா? ஒங்களுக்குத் தனியா ரசம் வைக்க எனக்கு வேற சோலி இல்லையா?" என்றவள், அன்றைக்கே தனிச் சட்டி எடுத்தாள்.

நான்காவது வாரம் வயிறு அடங்கிவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. வாயுவுக்கு நல்லது என்று சொல்லித்தான் இத்தனை வருடமும் பூண்டை விற்றிருக்கிறேன்.

ஆலோசகர் கைதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், மலைப்பூண்டு அஞ்சு கிலோ அனுப்ப முடியுமா?" என்றார்.

"யாருக்கும்மா?"

"எங்க அம்மாவுக்கு. அவங்களுக்கு கேஸ் ட்ரபிள்."

நன்றாகக் காய்ந்ததாகப் பொறுக்கி அனுப்பிவைத்தேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு பல் வரை என் வயிறு பொறுத்துக்கொள்கிறது. அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.