வெண்டல் செத்த விதங்கள்

எங்கள் கம்பெனியின் முதல் புத்தகத்திலேயே ஆர்லிஸ் டோலஃப்சன் தன் கணவன் வெண்டலைப் பலவிதமாகக் கொன்றிருந்தாள். ஒரு பக்கத்தில் கூழ் போன்ற ஒரு பிராணி அவனைத் தொப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் பல் முளைத்த புதையல் பெட்டி அவன் கையைக் கவ்வியிருந்தது. தும்ம வாயைத் திறந்தபடியே கல்லாகிப்போன வாள்வீரனும் அவன்தான். நீண்ட மூக்கு, ஒல்லிக் கால்கள், எப்போதும் பாதி கழன்ற தலைக்கவசம். எங்கள் ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் படங்களைப் பார்த்த உடனே சிரித்துவிடுவார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையோரம் சின்ன ஊர் எங்களுடையது. மூடிப்போன ஒரு செருப்புக் கடையின் மாடியில் கம்பெனி நடந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறிப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டுக்குப் புத்தகம் போடுவதுதான் எங்கள் தொழில். எழுபத்தொன்பதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சான எழுத்தையும் படத்தையும் வெட்டி, பின்பக்கம் மெழுகு தடவி, பக்கம் பக்கமாக அட்டையில் ஒட்டுவது என் வேலை. ஆர்லிஸின் மேசை என் மேசையை ஒட்டியது.

அவள் பேனாவும் கறுப்பு மையும் மட்டும் வைத்து வரைவாள். குகையின் இருட்டுக்குக்கூட மையை அப்ப மாட்டாள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுப் போட்டே இருட்டைக் கொண்டுவருவாள். அவளுடைய பூதங்களுக்கு அலுத்துப்போன முகம் இருக்கும், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல. அவற்றிடம் மாட்டிக்கொண்ட வெண்டலுக்கு மட்டும் உயிர் போகிற பயம்.

சாயங்காலம் படகு மோட்டார் பட்டறையிலிருந்து வெண்டல் அவளைக் கூட்டிப்போக வருவான். மாடிப்படியிலேயே சத்தம் கேட்கும்.

"இன்னிக்கு எப்படிம்மா செத்தேன்?"

"குழியில விழுந்துட்ட. அடியில ஈட்டி."

"ஈட்டியா? போன வாரமும் ஈட்டிதானே. ஒரு தடவையாவது கட்டில்ல படுத்துச் சாகவிடேன்."

"கட்டிலை வரைய எனக்குப் பிடிக்காது."

"டோரீன், நீயே சொல்லு," என்று என்னிடம் திரும்புவான். "இவளோட நான் ஒரே வீட்ல இருக்கலாமா?"

படத்துக்கு வேண்டிய நிலைகளில் அவனே நிற்பான், விழுவான், கிடப்பான். அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில் துடைப்பக் கட்டையை வாளாகப் பிடித்துக்கொண்டு அவன் அலறுவதை அவள் போட்டோ எடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் முதல் தடவை போலீசையே கூப்பிட்டுவிட்டார்.

எண்பத்திரண்டு மார்ச்சில் வெண்டல் ஏரியில் போனான். குளிர்காலத்தில் உறைந்துபோகிற ஏரியில், பனிக்கட்டியின்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போட்டிருந்த குடிசையை, கட்டி உருகுவதற்குமுன் கரைக்கு இழுத்துவரப் போயிருந்தான். ஊற்று இருக்கிற இடத்தில் கட்டி மெல்லிசாகிவிட்டிருந்தது. குடிசை மேலேயே நின்றது. அவன் மட்டும் உள்ளே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். ஆர்லிஸ் வந்தவர்களையெல்லாம் விசாரித்தாள். "குளிரா இருக்கு, பாத்து ஓட்டிட்டுப் போங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பினாள். ஊர்ப் பெண்கள் அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்த சாப்பாட்டுப் பாத்திரங்களின் அடியில் அவரவர் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிட்டாளா என்று தெரியாது. என் பாத்திரத்தைக் கொடுக்கும்போது, "நல்லா இருந்துச்சு" என்றாள். என்ன சாப்பாடு என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது என்று தோன்றியது.

அவள் வேலைக்குத் திரும்புவதற்குமுன் எங்களுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. மூன்றாவது புத்தகத்தில் நிலத்தடி ஏரி ஒன்று வரும். அதற்கு ஜனவரியிலேயே அவள் படம் வரைந்து கொடுத்திருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து நீண்ட கைகள் ஒருவனை இழுத்துக்கொள்கின்றன. மேலே தெரிவது இரண்டு பூட்ஸ் மட்டும். முதலாளி மில்டன் ஹாஸ் என் மேசைக்கு வந்து, "அதை எடுத்துடு, அவ பாக்கறதுக்குள்ள" என்று கிசுகிசுத்தார். நான் எடுத்து இழுப்பறையில் வைத்தேன்.

வந்த அன்று காலையிலேயே ஆர்லிஸ் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"இங்க ஒரு படம் இருந்துச்சே?"

"மில்டன் எடுக்கச் சொன்னார்."

"ஏன்?"

நான் இழுப்பறையைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. துக்கம் என்றும் சொல்ல முடியாது.

"பக்கத்துல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு டோரீன். குடு அதை."

கொடுத்தேன். தானே மெழுகு தடவி, கோணல் இல்லாமல் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு தன் மேசைக்குப் போய்ப் பென்சில் சீவினாள்.

அந்தக் கோடையில் மில்வாக்கியில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடும் விழா நடந்தது. மூன்றாவது புத்தகம் அப்போது அச்சகத்தில் இருந்தது. அங்கே நாங்கள் போட்டிருந்த கடைமுன் கல்லூரிப் பையன்கள் வரிசையில் நின்று ஆர்லிஸிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒல்லிக்கால் வீரன் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தவன். தாடி வைத்த ஒருவன் ஆசையோடு மேசைமேல் சாய்ந்தான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடுத்த புக்குல அவன் எப்படிச் சாகறான்?"

"தண்ணில மூழ்கி," என்றாள் ஆர்லிஸ்.

"அய்யோ பாவம்!" என்று அவன் சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். "அடேய், மூழ்கிடறானாம்டா!" என்று ஒருவன் வரிசையின் கடைசிவரை செய்தி சொன்னான்.

ஆர்லிஸ் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்தது யாரு?" என்றாள். நான் மேசைக்கடியில் அவள் முழங்கையைப் பிடித்தேன். "என்ன, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

மூன்றாவது புத்தகம் வந்தபிறகு காலம் மாறியது. பெரிய பொம்மைக் கடைகள் எங்கள் புத்தகங்களைக் கேட்டன. மில்டன் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அட்டையில ஆள் செத்துக் கிடந்தா எந்த அம்மா தன் பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பா? இனிமே எல்லாம் கலர். ஜெயிக்கறவனைப் போடுவோம்." சிகாகோவிலிருந்து டெரன்ஸ் என்கிற ஓவியர் வந்தார். எண்ணெய் வர்ணம் தீட்டுபவர். அவர் தீட்டிய கவசத்தில் சூரியன் பட்டுக் கண் கூசும். டிராகனின் ஒவ்வொரு செதிலையும் எண்ணிவிடலாம். உண்மையிலேயே கெட்டிக்காரர், நல்ல மனுஷரும்கூட. ஆட்களுக்கு உடை மாட்டி, விளக்குப் போட்டுப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைவார்.

ஒல்லிக்கால் வீரனையே புது அட்டையில் உயிரோடு நிறுத்தலாம், ரசிகர்கள் கொண்டாடுவார்கள் என்பது டெரன்ஸின் யோசனை. அவன் யார் என்று மில்டன் சொல்லியிருந்தார் போலும். டெரன்ஸ் மிகவும் தயங்கித்தான் ஆர்லிஸிடம் கேட்டார்.

"உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம், ஆர்லிஸ். அவரோட போட்டோ ஏதாவது கெடைக்குமா?"

மறுநாள் அவள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். டெரன்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஷெட் தரையில் கை கால் பரப்பிக் கிடக்கும் வெண்டல். ஏணியிலிருந்து விழும் வெண்டல். தோட்டத்துக் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண் பிதுங்கும் வெண்டல்.

"இதுல ஒண்ணுலகூட நிக்கலையே இவர்."

ஆர்லிஸ் வாங்கிப் பார்த்தாள். "ஆமா. நிக்கச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

"கல்யாணப் படம்?"

"அதுல உக்காந்திருக்கார். அன்னிக்குக் கால் சுளுக்கு."

"சரி, சும்மா இருக்கும்போது எப்படி நிப்பார்? கைய எங்க வெச்சுப்பார்? செஞ்சு காட்டுறீங்களா? அது போதும் எனக்கு."

அவள் எழுந்து அறை நடுவில் நின்றாள். வலது காலில் பாரம் போட்டாள். பிறகு இடது காலுக்கு மாற்றினாள். கைகளைப் பைக்குள் விட்டாள், வெளியே எடுத்தாள், இடுப்பில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது போனபிறகும் அவள் நின்றாள்.

"தெரியல," என்றாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கழிப்பறையில் போய் அழுவாள் என்று நினைத்துப் பின்னாலேயே போகத் தயாராக இருந்தேன். மத்தியானம் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

புது அட்டை அருமையாக வந்தது. மலையுச்சியில் ஒருவன் நிற்கிறான், தோள்கள் ஓக் மரம்போல, காலடியில் டிராகன். ஊர்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்திருந்தார்கள். ஆர்லிஸும் நானும் நின்று பார்த்தோம்.

"மூக்கு சரியா இருக்கு," என்றாள்.

அதன்பின் அவள் மில்டனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: மனிதர்களும் பூதங்களும் வேண்டாம், பொருள்களை வரையக் கொடுங்கள். புத்தகத்தின் பின்பக்கங்களில் வீரர்கள் வாங்கும் சாமான்களுக்குப் படம் வேண்டியிருந்ததால் அவரும் ஒத்துக்கொண்டார். கயிறு, லாந்தர், பூட்டு, கொக்கி, கதவு. அந்தக் கதவுகளை யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆணியும் அதன் இடத்தில் இருக்கும். ஒரு கதவுக்குப் பின்னாலும் எதுவும் காத்திருப்பதாகத் தோன்றாது. ஆட்டக்காரர்கள் அவற்றைப் பார்க்காமலே பக்கத்தைப் புரட்டினார்கள். அடுத்த வருஷம் அவள் வேலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் பண்ணைக் கருவிகள் விற்கும் கம்பெனியில் பம்பு உதிரிபாகங்கள் வரையப் போனாள். சண்டையும் இல்லை, வருத்தமும் இல்லை. மில்டன் கேக் வாங்கி வெட்டினார். அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடையில் பொரித்த மீன் சாப்பிடுவதை மட்டும் விடவில்லை. பேச்சு அதிகம் இருக்காது. பம்பில் எத்தனை வால்வு என்பாள். நான் ஆபீஸ் வம்பு சொல்வேன். ஒரு வெள்ளிக்கிழமை, எண்பத்தைந்து இலையுதிர் காலத்தில், காப்பிக் கோப்பையை வாயில் வைத்தவள் சட்டென்று கீழே வைத்தாள்.

"லொரெயின்!" என்று பரிமாறுகிறவளைக் கூப்பிட்டாள். "என்ன காப்பி இது? வாயில வைக்க முடியல."

லொரெயின் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எப்பவும் போடற காப்பிதான், ஆர்லிஸ். ரெண்டு மூணு வருஷமா இதத்தானே குடிச்சிட்டுப் போற? ஒரு நாள் வாய் தொறந்தியா?"

"இதையா?"

"இதையேதான்."

ஆர்லிஸ் இன்னொரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"கடவுளே, எவ்வளவு மோசம்! டோரீன், நீயும் இதைத்தான் குடிக்கிறியா? ஏன் எங்கிட்ட சொல்லல?" குரல் உயர்ந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மீனும் உப்பு. ரொட்டி நேத்தைது. யார் உள்ள சமைக்கிறது? வரச் சொல்லு அவனை."

"அவன் பிஸியா இருக்கான்," என்றாள் லொரெயின்.

"அப்ப நான் போறேன்," என்று சொல்லி, கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆர்லிஸ் சமையலறைப் பக்கம் நடந்தாள்.