ஒழுகியும் குறையாத ஆயில்

வண்டிக்கு அடியில் முந்தின நாள் விரித்துவைத்த அட்டையைக் கைகள் மெல்ல உருவுகின்றன. வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கறை எந்தத் திசையில் ஓடியிருக்கிறது என்று ஆள்காட்டி விரல் பார்க்கிறது. பிறகு டீசல் நனைத்த துணி எஞ்சினின் இடுக்குகளுக்குள் நுழைந்து, ஒட்டிக் காய்ந்த சேற்றையும் பிசுக்கையும் எடுத்துவருகிறது. காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. ஈரம் போகும்வரை கைகள் மடியில் காத்திருக்கின்றன. கடைசியில் முகத்துக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, கன்னத்தில் ஒற்றுவதுபோல எஞ்சின் முழுக்க ஒற்றுகின்றன. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுத்த இரும்பு வெளிறிப்போகிறது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தில், கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பைக் வேலை பார்க்கிறார் இன்பமேரி. ஆயில் எங்கே கசிகிறது என்பது லேசில் தெரியாது. வண்டி ஓடும்போது காற்று அதை நாலு பக்கமும் இழுத்துப் பூசிவிடும். பவுடர் போட்ட வண்டியை ஏரிவரை ஓட்டிக்கொண்டு வந்தால், கசிவு தொடங்கும் இடத்திலிருந்து வெள்ளையின்மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். "நனைஞ்ச எடத்தயே பாத்துட்டு நிக்காதீங்க. நனையாத எடம் எங்க முடியுதுன்னு பாருங்க" என்பார். கசியும் இடத்தில் பேஸ்டைப் பூசி அடைப்பது அவருக்குப் பிடிக்காது. அது அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலையாம். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், "கேட்டுச் சொல்றனுங்க" என்று வண்டியைப் பார்ப்பார்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதா கோயில் பங்கு மக்களில் யாராவது இறந்தால், குளிப்பாட்டி, தலைசீவி, பெட்டியில் வைக்கத் தயார் செய்ய அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கும் பவுடர் வேண்டும். அலமாரியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் மூடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு; அது இறந்தவர்களுக்கு. இரண்டையும் அவர் மாற்றி எடுத்ததே இல்லை. டாக்சி ஓட்டும் பென்னி ஒருநாள், பெண் பார்க்கப் போவதாகவும் தன் முகத்துக்கும் கொஞ்சம் போட்டுவிடும்படியும் கேட்டான். "உனக்கு எந்த டப்பான்னு இன்னும் முடிவாவல சாமி" என்றார் இன்பமேரி, தலைநிமிராமல். பென்னி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த ஐப்பசி மழையில்தான் மஞ்சக்குட்டை வெண்ணிலா அந்த வண்டியைக் கொண்டுவந்தாள். புடவைமேல் ஆண்சட்டை, தலையில் துண்டு. வண்டி அவள் கணவன் மாதேஷுடையது. போன மழைக்காலத்தில், சேலத்திலிருந்து மலையேறி வரும்போது அவன் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சடைப்பு. மூடுபனிக்குள் எஞ்சின் சத்தம் விடாமல் கேட்கிறதே என்று இறங்கிப் பார்த்த லாரிக்காரர்தான் கண்டுபிடித்தார். உடம்பு சில்லிட்டிருந்தது, வண்டி சூடாக இருந்தது.

வெண்ணிலா இப்போது மாரமங்கலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறாள். முதல் பஸ் வருவதற்குள் பிள்ளைகளுக்கு இட்லி வெந்திருக்க வேண்டும். அதற்காகவே பைக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்ற கொஞ்ச நாளிலேயே வண்டி ஆயில் ஒழுகத் தொடங்கிவிட்டது.

இன்பமேரி முதல் தடவை கிளட்ச் பக்கத்து மூடியின் பேக்கிங்கை மாற்றினார். திரும்பி வந்தது. இரண்டாம் தடவை கியர் ராடின் ஆயில் சீலை மாற்றினார். அப்போதும் வந்தது. மூன்றாம் தடவை வண்டியை விட்டு இறங்கிய வெண்ணிலாவின் முகமே சரியில்லை. மாதேஷ் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான், அதுதான் ஒழுகுகிறது என்று அவனுடைய அண்ணன் சின்னராஜ் ஊரெல்லாம் சொல்லிவிட்டானாம். இன்னும் ஒருமுறை ஒழுகினால் வண்டி பழைய இரும்புக்குப் போகிறது.

"வண்டி போச்சுன்னா வேல போச்சுங்கக்கா. அப்பறம் எங்கம்மா ஊட்டுக்குத்தான் போவோணும்."

இன்பமேரி ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். மூடியோடு சேர்ந்தே அளவுக்குச்சி இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். இன்னொரு தடவையும் விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"நீ ஊத்துனியா கண்ணு?"

"இல்லீங்கக்கா. அந்த மூடியத் தொட்டதே இல்லீங்க."

அளவு பார்த்து ஊற்றியவர் இன்பமேரியேதான். வாரக்கணக்கில் ஒழுகிய வண்டியில், அவர் ஊற்றியதைவிட அதிகமாக ஆயில் இருந்தது. குச்சியின் கறுப்புக்கு மேலே, அன்றைக்குத்தான் ஊற்றியதுபோலத் தேன்நிறத்தில் ஒரு மினுமினுப்பு. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. கொள்ளாத அளவு உள்ளே போனதால், கிடைத்த வழியிலெல்லாம் வெளியே தள்ளுகிறது. வயிறு நிறைந்து கக்குகிறது.

மாதேஷ் இருந்தவரை, விடிந்ததும் டீ குடிக்கும் முன்னால் அந்த மூடியைத் திறந்து பார்ப்பானாம். வெண்ணிலா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

இன்பமேரி ஆயிலை வடித்து, புதிதாகக் கோட்டளவுக்கு ஊற்றினார். எஞ்சினைத் துடைத்துவிட்டு அலமாரிக்குப் போனவரின் கை, சிவப்புப் பொட்டு வைத்த டப்பாவின்மேல் போய் நின்றது. ஒரு கணம்தான். மற்றதை எடுத்துவந்து, ஆயில் மூடியைச் சுற்றிக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார். வீட்டில் நிறுத்தியபின் தொடக் கூடாது, காலையில் நேராக இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பனிக்குள்ளிருந்து முதலில் விளக்குதான் வந்தது, பிறகு வெண்ணிலா, அவளுக்குப் பின்னால் கம்பளி போர்த்திய மாமனார் ஐயாக்கண்ணு. வண்டியை இரும்புக்குப் போடுவதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்பதால் கூடவே வந்திருந்தார்.

மூடியைச் சுற்றிப் பவுடர் கலைந்திருந்தது. நான்கு விரல்களின் தடம். எதிர்ப்பக்கம் ஒரு பெருவிரல். வெண்ணிலா அதைப் பார்த்தாள். அங்கே கிடந்த பழைய டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்பமேரி தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் படாமல் வைத்துப் பார்த்தார். தடம் பெரிது. எழுந்து பெரியவரிடம் போனார்.

"கையக் கொஞ்சம் காட்டுங்கய்யா."

கம்பளிக்குள்ளிருந்து வந்த விரல்களின் ரேகைகளில் பவுடரும் ஆயிலும் குழைந்து சாம்பல்நிறமாக இருந்தன. அவர் மறைக்கவில்லை. காப்பிச்செடிக்கு மருந்தடிக்கும் மெஷினுக்காக வீட்டில் ஆயில் இருக்கிறது. அதிலிருந்து தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறாராம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

"எதுக்குங்கய்யா ஊத்தறீங்க?"

"வெடியால வந்து எழுப்பறானே அம்முணி. ஆயில் கொறையுதுப்பா, எஞ்சின் புடிச்சு வழியில நின்னுக்கும், அவ தனியாப் போறாங்கறான். நான் என்ன பண்றது?"

யார் என்று இன்பமேரி கேட்கவில்லை. வெண்ணிலாதான் கேட்டாள். "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நீ பயந்துக்குவீன்னு அவந்தான் சொல்ல வேண்டாம்னான்."

இன்பமேரி எஞ்சினுக்கு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்து, ஆயில் வடிக்கும் திருகைத் தளர்த்தினார். அதிகப்படி ஆயில் சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுந்தது. பனி உள்ளே வந்து வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றது. இன்பமேரி எஞ்சினை மறுபடி துடைத்துப் பவுடர் போட்டு, வெண்ணிலாவை ஏரியைச் சுற்றி ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

வண்டியைக் கொடுக்கும் முன் அவர் ஐயாக்கண்ணுவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அளவுக்குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்து நீட்டினார்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குது பாருங்க. இது போதும். இதுக்கு மேல ஊத்துனாத்தான் வழியில நிக்கும். அவருகிட்டச் சொல்லிப்போடுங்க."

பெரியவர் குச்சியை வாங்கினார். அதைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பி, ஒருவரும் இல்லாத இடத்தில், தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மாதேஷ் நல்ல உயரம். இன்பமேரி வாசலை மறைத்து நின்றிருந்தார். குச்சியின்மேல் வெளிச்சம் விழட்டும் என்று ஓரமாக விலகிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரின் கை இறங்கியது.

"செரிங்கறான். சாவிய அவகிட்டயே குடுத்துருங்க அம்முணி."

இன்பமேரி குச்சியை வாங்கி, மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை வெண்ணிலாவின் உள்ளங்கையில் வைத்தார்.