பாரை மீனுக்கு வந்த பழி

நான் உயிரியல் படிப்பிக்கிறவள். கருவோடு வளரும் நச்சுக்கொடி ஓமோன்களைச் சுரக்கும், குமட்டலுக்கு அவையும் காரணம் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முதல் முறை எனக்குக் குமட்டல் திடீரென நின்றது, கருவும் தங்கவில்லை. அதனால் இரண்டாம் முறை, மூன்று மாதம் முடியும்வரை கணவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்வதில்லை என்றிருந்தேன். ஒவ்வொரு காலையும் குமட்டலுக்காகக் காத்திருந்தேன். எல்லோருக்கும் அது வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பயம் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை திருகோணமலைச் சந்தையில், மீன்கார அண்ணர் பாரை ஒன்றின் செவுளைத் தூக்கிக் காட்டினார். அப்படியே ஓடிப்போய் வடிகானில் வாந்தி எடுத்தேன். மீன் வாங்க நின்றவர்கள் மெல்ல நழுவினார்கள்.

"என்ன தங்கச்சி, இப்பதான் வள்ளத்தால இறக்கின மீன்! இனி ஆர் வாங்குவினம்?" என்று அவர் கத்தினார்.

"அண்ணை, உங்கட மீனில பிழையில்லை! நான் பிள்ளைத்தாச்சி!" நானும் கத்திவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டியளோ? மீன் நல்ல மீன்! தங்கச்சி பிள்ளைத்தாச்சியாம்!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கூவினார். முன்பின் தெரியாத ஒரு அக்கா முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் தந்தா. நான் மறுபடி வாந்தி எடுத்தேன், சிரித்துக்கொண்டே.

பயத்தை ஒளிக்கப் போய்ச் சந்தோசத்தையும் சேர்த்து ஒளித்திருந்தேன் என்பது அன்றுதான் விளங்கியது.

இப்போது மகளுடன் போனால் அண்ணர் அவளிடம்தான் கேட்பார்: "பிள்ளை, உண்மையைச் சொல்லும். அண்டைக்கு என்ர மீன் நாறினதோ?"