தெரியும் என்று நினைத்த பாடம்

சுனாமி எங்கள் சாய்ந்தமருது வீட்டை அள்ளிக்கொண்டு போனபோது, உயர்தரப் பரீட்சைக்கான என் உயிரியல் புத்தகங்களும் போய்விட்டன. முகாம் கூடாரத்துக்குள் நான் அழுவதைப் பார்த்த வகுப்புத் தோழி பஸீனா, "படிச்சதெல்லாம் தலைக்குள்ள கிடக்குதானே புள்ள? இதயத்துக்குள்ள ரத்தம் எப்பிடிப் போகுதெண்டு சொல்லு பாப்பம்" என்றாள்.

அந்தப் பாடத்தை எத்தனையோ முறை வாசித்தவள் நான். உற்சாகமாகத் தொடங்கினேன். நுரையீரலுக்குப் போன இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. படம் எந்த மூலையில் இருந்தது, என்ன நிறம் என்பதெல்லாம் கண்முன்னே நின்றது. பாடம் மட்டும் வரவில்லை.

"தெரியாது பஸீனா" என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

"எனக்கும் இதுக்கு அங்கால வராது" என்று அவள் சிரித்தாள். "எது வராதெண்டு இப்பயாவது தெரிஞ்சிச்சே!"

அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிப் பார்த்தோம். இரவல் புத்தகம் கிடைத்தால், தடக்கிய இடங்களைத்தான் முதலில் தேடிப் படித்தோம். இது விளங்கியதா, வெறுமனே பார்த்துப் பழகியதா என்று என்னை நானே கேட்காமல் எந்தப் பாடத்தையும் மூடவில்லை.

பரீட்சைப் பெறுபேறு வந்தபோது நாங்கள் தற்காலிகக் கொட்டிலில்தான் இருந்தோம். இருவருக்கும் பல்கலைக்கழகம் கிடைத்தது. "அல்ஹம்துலில்லாஹ், என்ட மகள் கெம்பஸ் போறா" என்று வாப்பா கொட்டில் கொட்டிலாகச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

எனக்கும் பெருமைதான். வீடில்லாத அந்த நாட்களில், என் அறிவின் ஓட்டைகளை ஒளிக்காமல் பார்க்க நானே பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தரவேண்டியிருக்கவில்லை.