முக்காட்டை விரித்தேன்

ஜெர்மனியின் ஹம் நகரில், என் மறதிக்காக வைத்தியரிடம் காத்திருந்தபோது, மழையில் நனைந்த என் முக்காடு ஹீட்டரருகே காய்ந்து எழுப்பிய மணம், யாழ்ப்பாணத்தில் நான் ஓதிய மதரசாவை நினைவுக்குக் கொண்டுவந்தது. முஸ்லிம்களான எங்களைப் புலிகள் ஊரைவிட்டு விரட்டிய பிறகு அதில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. பூனைக்குட்டியின் தந்தை என்று பெயர்பெற்ற நபித்தோழர், கேட்ட ஹதீஸ்களெல்லாம், அந்த நபிமொழிகளெல்லாம், மறந்துபோகின்றன என்று கலங்க, போர்வையை விரித்து நெஞ்சோடு அணைக்கச் சொன்னார்களாம் நபிகள். அதன்பின் அவர் எதையும் மறக்கவில்லையாம். அதனால் பாடம் முடிந்ததும் பெண்பிள்ளைகள் நாங்கள், தொழுகைக்காகக் கை, முகம் கழுவி வுழூ செய்த ஈரம் காயாத முக்காடுகளை மடியில் விரித்து, சலசலவென்று அள்ளி நெஞ்சில் சேர்ப்போம்.

உள்ளே வைத்தியர் கேட்டதை மகள் தமிழில் சொன்னாள்: "உம்மா, என்ர பேர் என்னெண்டு சொல்லுங்கோ."

அந்தத் தோழரின் பெயர் உடனே நாவுக்கு வந்தது. அவளுடையது வரவில்லை. வைத்தியர் பார்க்கப் பார்க்க, முக்காட்டை அவிழ்த்து மடியில் விரித்தேன்.